பகுதி சபைக்கு முன்னால் ஓர் இணையக் கலந்தாய்வு: போலிஸ் (Polis) மென்பொருளை நிறுவி ஓட்டிய அனுபவம்

எங்கள் மனைப்பிரிவின் மூலையில் ஓ.எஸ்.ஆர். (திறந்தவெளி ஒதுக்கீடு) நிலம் ஒன்று கிடக்கிறது. சென்னைப் பெருநகரப் பகுதியில் 10,000 சதுர மீட்டருக்கு மேல் மனை பிரிக்கிறவர்கள், அதில் 10 சதவீதத்தைத் திறந்தவெளியாக விட்டு உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும். அப்படி வந்த நிலம்தான் இது. வேலி இருக்கிறது, கேட் இருக்கிறது, உள்ளே சீமைக் கருவேலமும் யாரோ கொட்டிவிட்டுப் போன இடிபாடும் இருக்கின்றன. அங்கே என்ன வர வேண்டும் என்பதில் நலச்சங்கத்தின் வாட்ஸ்அப் குழு இரண்டாகப் பிளந்து கிடந்தது. ஒரு பக்கம் ஷட்டில் கோர்ட், இன்னொரு பக்கம் பூங்கா. பேசுகிறவர்கள் என்னவோ எப்போதும் அதே நாலைந்து பேர்தான். மற்றவர்கள் குழுவை மியூட்டில் போட்டுவிட்டு நிம்மதியாக இருந்தார்கள்.

கிராமங்களில் கிராம சபை வருடத்துக்கு 6 முறை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. நகரத்துக்காரர்களுக்கு வெகுகாலம் அப்படி எதுவும் இல்லை. வார்டு கமிட்டிக்கும், வார்டுக்குள் ஒவ்வொரு பகுதி மக்களும் கூடிப் பேசும் பகுதி சபைக்கும் 2022-ல்தான் தமிழ்நாட்டில் விதிகள் வந்தன. எங்கள் பகுதி சபையில் இந்த நிலத்தைப் பற்றிப் பேச வேண்டும் என்று முடிவானதும், அங்கே போய் நமக்குள்ளேயே சண்டை போடுவதற்கு முன்னால், ஊரில் யார் என்ன நினைக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள ஒரு வழி தேடினோம். கணினி வேலை பார்க்கிறவன் என்பதால் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

கூகுள் ஃபார்ம் போடலாம் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். ஆனால் படிவத்தில் கேள்வி கேட்கிறவன்தான் ராஜா. 'பூங்காவா, கோர்ட்டா' என்று கேட்டால் அந்த இரண்டில் ஒன்றுதான் பதிலாக வரும். மூன்றாவதாக ஒருவர் மனதில் இருப்பது வெளியே வரவே வராது. அடுத்து டெசிடிம் என்ற மக்கள் பங்கேற்பு மென்பொருளைப் பார்த்தேன். பார்சிலோனா நகராட்சி 2016-ல் தொடங்கிய திட்டம் அது. முன்மொழிவு, கூட்டம், பங்கேற்பு பட்ஜெட் என்று ஒரு நகரத்துக்கு வேண்டிய அத்தனையும் அதில் இருக்கிறது. அதுதான் பிரச்சினையும். ஓட்டுவதற்கே தனியாக ஆள் போட வேண்டும், ஒரு மனைப்பிரிவுக்கு அது தாங்காது. நியூசிலாந்தில் உருவான லூமியோ என்ற மென்பொருள் சின்னக் குழுக்களுக்கு நன்றாகப் பொருந்தும். ஆனால் அதில் விவாத இழையில் பதிலுக்குப் பதில் எழுதலாம். எழுதலாம் என்றால் அதே நாலைந்து பேர்தான் எழுதுவார்கள்.

கடைசியில் பார்த்தது போலிஸ், ஊர்க்கருத்தைத் திரட்டும் ஒரு மென்பொருள். அதில் பதில் எழுதும் பொத்தானே கிடையாது. நான் அதைத் தேர்ந்தெடுத்ததற்கு முதல் காரணம் இதுதான். யார் வேண்டுமானாலும் ஒரு கருத்தைச் சுருக்கமாக எழுதிப் போடலாம். மற்றவர்கள் அதற்கு ஏற்கிறேன், மறுக்கிறேன், தாண்டு என்று மூன்றில் ஒன்றைத் தட்டலாம், அவ்வளவுதான். பிடிக்கவில்லை என்றால் அந்த ஆளைத் திட்ட வழியில்லை. வேறொரு கருத்தை எழுதித்தான் ஆக வேண்டும், அதற்கும் மற்றவர்கள் ஓட்டுப் போடுவார்கள்.

சியாட்டிலில் கட்டிய மென்பொருள் இது, நிரல் முழுக்கத் திறந்தே இருக்கிறது. பெரிதாகப் பெயர் வாங்கியது தைவானில். 2014 சூரியகாந்தி மாணவர் போராட்டத்துக்குப் பிறகு அங்கே வி-தைவான் (vTaiwan) என்ற இணையக் கலந்தாய்வு ஏற்பாடு உருவானது. 2015-ல் ஊபர் பிரச்சினையை அதில் எடுத்துக்கொண்டார்கள். தொடக்கத்தில் ஊபர் ஆதரவு, டாக்ஸி ஆதரவு என்று இரண்டு கூட்டமாகத்தான் நின்றார்கள். போகப்போகப் பயணிக்குக் காப்பீடு, ஓட்டுநருக்குப் பதிவு என்று இரு பக்கமும் தலையாட்டக்கூடிய கருத்துகள் மேலே வந்தன. பிறகு எல்லாத் தரப்பையும் ஒரே மேசையில் உட்கார வைத்து, அதை நேரலையில் காட்டினார்கள். மறு வருடம் விதிகள் வந்தன. இதில் நான் கவனித்துக்கொண்டது ஒன்று: ஓட்டுக்கு முன்னால் தகவலைத் திரட்டிப் பொதுவில் வைத்தார்கள்.

நாங்களும் அங்கிருந்தே தொடங்கினோம். நிலத்தின் சர்வே எண், பரப்பு, தானப் பத்திரத்தின் நகல், மழைநீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்பதைக் காட்டும் ஒரு கைவரைபடம். எல்லாம் ஒரே பக்கத்தில். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எந்தத் தெருவில் எவ்வளவு உயரம் தண்ணீர் நின்றது என்பதைச் சுவரில் இருந்த கறையை வைத்து அளந்து அதில் குறித்தோம். இந்த ஒரு பக்கம் கையில் போனதுமே வாட்ஸ்அப் குழுவில் பாதி வாய்ச்சண்டை அடங்கியது. நிலம் யாருடையது என்ற சந்தேகம்தான் அதுவரை பலருடைய எரிச்சலுக்குக் காரணமாக இருந்திருக்கிறது.

இனி நிறுவிய கதை. ஒரு கலந்தாய்வு நடத்திப் பார்க்க மட்டும் ஆசை என்றால், போலிஸின் சொந்தத் தளத்திலேயே கணக்குத் தொடங்கிக்கொள்ளலாம். தரவு எங்கள் கையில் இருக்க வேண்டும் என்று சங்கத்தில் கேட்டதால் வாடகைச் சர்வரில் நானே நிறுவினேன். மென்பொருளைத் தனித்தனிப் பெட்டிகளாக ஓட்டும் டாக்கர் தெரிந்தவருக்குப் பெரிய வித்தை இல்லை. மாதிரி அமைப்புக் கோப்பை நகலெடுத்து, டொமைன் பெயரையும் கடவுச்சொற்களையும் மாற்றி, எல்லாப் பெட்டிகளையும் ஒன்றாகக் கிளப்ப வேண்டும். வாக்குகளைச் சேமிக்கும் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம், இணையச் சேவை, கணக்குப் போடும் பகுதி, நிர்வாகிக்கான திரை, பங்கேற்பாளருக்கான திரை என்று தனித்தனியாக எழுந்து நிற்கும். ரேமைத் தின்பது கணக்குப் பகுதிதான். நான் போட்டது குளோஜர் என்ற நிரல்மொழியில் எழுதப்பட்ட பதிப்பு, ஜாவா இயந்திரத்தின் மேல் ஓடுவது. 2 ஜிபி ரேமில் அது மூச்சுத் திணறி விழுந்தது. 4 ஜிபிக்கு மாற்றி, கொஞ்சம் ஸ்வாப்பும் (ரேம் போதாதபோது வட்டில் எடுத்துக்கொள்ளும் இடம்) கொடுத்த பிறகு சத்தம் இல்லாமல் ஓடியது. இணைப்பைப் பாதுகாக்கும் லெட்ஸ் என்க்ரிப்ட் சான்றிதழ், இரவில் ஒருமுறை தரவுத்தளத்தின் காப்புநகல் எல்லாம் வழக்கம்போலத்தான்.

பெயர் விஷயத்தில் மட்டும் ஒரு எச்சரிக்கை. 'போலிஸ் லிங்க் அனுப்பியிருக்கிறேன்' என்று வாட்ஸ்அப்பில் போட்டால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். நாங்கள் 'நம்ம இடம்' என்று பெயர் வைத்து அதே பெயரில் துணை டொமைனும் எடுத்துக்கொண்டோம்.

தமிழில் ஓட்டுகிறவர்கள் கட்டாயம் கவனிக்க வேண்டியது கருத்தின் நீளம். போலிஸ் ஒரு கருத்துக்கு 140 எழுத்து என்று வரம்பு வைத்திருந்தது. ஆங்கிலத்துக்கு அது தாராளம். நம் கதை வேறு. 'கொடுக்கிறோம்' என்று எழுதிப் பாருங்கள். நம் கண்ணுக்கு 6 எழுத்து. யூனிகோடில் உயிர்க்குறியும் புள்ளியும் தனித்தனிக் குறியீடு என்பதால் கணினிக்கு அது 12. நடைமுறையில் தமிழனுக்குக் கிடைப்பது ஏறக்குறைய பாதி இடம்தான். ஒரு பெரியவர் பாதி வாக்கியத்தில் திரை சிவப்பாகிவிட்டது என்று போன் செய்தார். திறந்த நிரல் என்பதால் பங்கேற்பாளர் திரையில் அந்த வரம்பைத் தேடி இரட்டிப்பாக்கினேன். அதற்கு மேல் தூக்கவில்லை. நீளமாக எழுத விட்டால் வாட்ஸ்அப் இங்கேயும் வந்துவிடும். பொத்தான்களில் வரும் சொற்கள் தனி மொழிக்கோப்பில் இருக்கின்றன, அவற்றையும் நம் வசதிக்கு மாற்றிக்கொள்ளலாம்.

சர்வர் வேலையை விட எனக்குக் கடினமாக இருந்தது விதைக் கருத்துகள் எழுதுவது. காலித் திரையைக் காட்டினால் யாரும் எழுத மாட்டார்கள். முதலில் நாமே கொஞ்சம் போட்டு வைக்க வேண்டும். இதில்தான் நடத்துகிறவரின் சாய்வு நைசாக உள்ளே வரும். பூங்காக்காரர் ஒருவரையும் கோர்ட்காரர் ஒருவரையும் எதிரெதிரே உட்கார வைத்து எழுதினோம். ஒவ்வொரு வாக்கியத்திலும் ஒரே ஒரு விஷயம் என்பதுதான் விதி. 'பூங்கா வேண்டும், இரவில் பூட்டக் கூடாது' என்று ஒன்றாக எழுதினால், பூங்கா பிடித்து, பூட்டும் வேண்டும் என்கிறவர் எதைத் தட்டுவார்? இரண்டாக உடை. 'விளக்கு இல்லாமல் இருப்பது சரியல்ல' போன்ற இரட்டை எதிர்மறையையும் தூக்கினோம், அதற்கு மறுக்கிறேன் என்று தட்டினால் என்ன பொருள் என்று தட்டினவருக்கே தெரியாது. போட்ட கருத்தைப் பிறகு திருத்த முடியாது. பிழை இருந்தால் அதை நிராகரித்துவிட்டுப் புதிதாகத்தான் போட வேண்டும். அதனால் வெளியே விடுவதற்கு முன் இன்னொருவரைச் சத்தமாகப் படிக்கச் சொல்லுங்கள்.

மட்டுறுத்தலைக் கடுமையான நிலையில் வைத்தோம். அதாவது நாங்கள் அனுமதித்த பிறகே கருத்து வெளியே வரும். ஆள் பெயர் சொல்லித் தாக்குவது, ஏற்கெனவே வந்த கருத்து, நிலத்துக்குச் சம்பந்தமே இல்லாதது என்று மூன்றே காரணங்களுக்காக மட்டும் நிராகரித்தோம். தெருநாய் பற்றிய கருத்துகள் எத்தனை வந்தன என்று கேட்காதீர்கள்.

லிங்க் போன முதல் வாரத்தில் ஓட்டுப் போட்டவர்களைப் பார்த்தால் எல்லோரும் சொந்த வீட்டுக்காரர்கள், பெரும்பாலும் ஆண்கள். வாட்ஸ்அப் குழுவில் யார் இருக்கிறார்களோ அவர்கள்தானே வருவார்கள்? வாடகைக்கு இருப்பவர்கள், வீட்டு வேலைக்கு வரும் பெண்கள், இஸ்திரி வண்டிக்காரர், தூய்மைப் பணியாளர்கள் எல்லோரும் அந்த நிலத்தின் வேலியோரமாகத்தான் தினமும் நடக்கிறார்கள். அவர்களில் யாரும் நலச்சங்கக் குழுவில் இல்லை.

அதற்காகத் தாளுக்கு இறங்கினோம். கருத்துகளை அச்சடித்து, எதிரே மூன்று கட்டம் போட்டு, இளைஞர்கள் சிலர் கையில் கொடுத்தோம். படிக்கத் தயங்குகிறவர்களுக்கு அவர்களே வாசித்துக் காட்டினார்கள். இங்கே ஒரு தொழில்நுட்பச் சிக்கல் உண்டு. திரையில் போலிஸ் கருத்துகளை ஒரே வரிசையில் காட்டாது. குறைவாக ஓட்டு விழுந்தவை, கருத்து வேறுபாட்டைத் துலக்கமாகக் காட்டுபவை போன்றவற்றுக்கு முன்னுரிமை தந்து ஆளுக்கு ஆள் மாற்றிக் காட்டும். தாளில் வரிசை மாறாது. மேலே இருப்பதற்கு ஓட்டு விழும், கடைசிக்கு வருவதற்குள் பால்காரர் வந்துவிடுவார். அதனால் ஒரே பட்டியலை வெவ்வேறு வரிசையில் கலைத்து அச்சிட்டோம்.

தாளில் வந்ததை ஏற்றுவதற்கு எக்ஸ்-ஐடி என்ற வசதி கை கொடுத்தது. கலந்தாய்வின் முகவரிக்குப் பின்னால் கேள்விக்குறி போட்டு ஓர் அடையாளத்தைச் சேர்த்தால், அந்த அடையாளத்தைத் தனி ஆளாக எடுத்துக்கொள்ளும். ஒவ்வொரு தாளுக்கும் ஓர் எண். பெயர், கதவு எண் எதுவும் வாங்கவில்லை. குடும்பத்துக்கு ஒரே போன் இருக்கும் வீடுகளிலும் இதே வழிதான். இல்லாவிட்டால் அப்பா போட்ட ஓட்டின் மேலேயே மகள் ஓட்டுப் போடுவாள், மென்பொருள் அதை 'மனம் மாறிவிட்டார்' என்று எடுத்துக்கொள்ளும்.

இஸ்திரி வண்டிக்காரர் கட்டங்களை எல்லாம் முடித்துவிட்டு, தாளின் பின்பக்கத்தில் ஒரு வரி சொல்லி எழுதச் சொன்னார்: 'வெளியே இருந்து வர்றவங்க குடிக்க ஒரு குழாய் கேட்டுக்கு வெளிப்பக்கமா இருக்கணும்.' உள்ளே குழாய் என்று எங்கள் பட்டியலில் இருந்தது. வெளிப்பக்கம் என்பது யாருக்கும் தோன்றவில்லை. அவர் சொன்ன வார்த்தையிலேயே சேர்த்தோம்.

கணக்கு எப்படி நடக்கிறது என்று சுருக்கமாகச் சொல்கிறேன். வரிசையில் ஆட்கள், பத்தியில் கருத்துகள், கட்டத்தில் ஓட்டு என்று ஒரு பெரிய அட்டவணையை நினைத்துக்கொள்ளுங்கள். முதன்மைக் கூறு பகுப்பாய்வு என்ற முறையால் அதை இரண்டே அச்சுகளுக்குள் சுருக்குகிறார்கள். ஒத்த ஓட்டுப் போட்டவர்கள் படத்தில் பக்கத்தில் வருவார்கள். பிறகு அருகருகே இருப்பவர்களைக் குழுக்களாகப் பிரிப்பார்கள். பொதுவாக 2 முதல் 5 குழுக்கள் வரும். குறைந்தது 7 கருத்துகளுக்காவது ஓட்டுப் போட்டவர்தான் படத்தில் சேர்வார். இருபது, இருபத்தைந்து பேரை வைத்துக்கொண்டு குழு என்று பேசுவது வீண், அப்போது நேரே டீக்கடைக்குப் போய்ப் பேசிவிடலாம்.

எனக்கு மிகவும் பிடித்தது குழுக்களைக் கடந்த ஒப்புதலைக் கணக்கிடும் விதம். கணக்குக்காக 40 பேர் என்று வைத்துக்கொள்வோம். முதல் குழுவில் 30, இரண்டாவதில் 10. ஒரு கருத்தை முதல் குழுவில் 29 பேரும் இரண்டாவதில் 2 பேரும் ஏற்கிறார்கள். மொத்தம் 31, சாதாரண ஓட்டெடுப்பில் அமோக வெற்றி. இன்னொரு கருத்துக்கு 21-ம் 8-ம் விழுகிறது, மொத்தம் 29. போலிஸ் குழுவுக்குக் குழு ஏற்பு விகிதத்தை எடுத்து (ஏற்றவர்களோடு 1, பார்த்தவர்களோடு 2 கூட்டி) ஒன்றோடொன்று பெருக்குகிறது. முதல் கருத்துக்கு 30/32 பெருக்கல் 3/12, ஏறக்குறைய 0.23. இரண்டாவதுக்கு 22/32 பெருக்கல் 9/12, ஏறக்குறைய 0.52. இரண்டாவதுதான் மேலே வருகிறது. சின்னக் குழு கைவிரித்தால் பெரிய குழு எவ்வளவு கத்தினாலும் எண் ஏறாது. எங்கள் மனைப்பிரிவில் வாடகைக்காரர்கள் சிறுபான்மை. இந்தப் பெருக்கல் இல்லாவிட்டால் அவர்கள் போட்ட ஓட்டு இருந்த இடமே தெரியாமல் போயிருக்கும்.

தரவைத் தோண்டுகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. நான் நேரடியாகப் போஸ்ட்கிரெஸுக்குள் போய் வாக்கு அட்டவணையைப் பார்த்தேன். அங்கே ஏற்கிறேன் என்பது −1, மறுக்கிறேன் என்பது +1. தலைகீழ். சிஎஸ்வி என்ற அட்டவணைக் கோப்பாக ஏற்றுமதி செய்யும்போது அதுவே திருப்பிக் கொடுத்துவிடுகிறது. இரண்டையும் கலந்து அறிக்கை எழுதினால் ஊரே மழைநீர் சேகரிப்பை எதிர்க்கிறது என்று வந்து நிற்கும்.

சரி, என்ன வந்தது? படத்தில் தெளிவாக இரண்டு குழுக்கள். ஆனால் ஷட்டில் குழு, பூங்கா குழு என்று அவை பிரியவில்லை! கோர்ட் வேண்டும் என்கிறவர்கள் இரண்டு பக்கமும் சிதறிக் கிடந்தார்கள். பிரித்தது கேட். இரவில் பூட்ட வேண்டும், வெளியாட்கள் வரக் கூடாது, அடையாள அட்டை வேண்டும் என்கிற கருத்துகளுக்கு ஒரு குழு ஏறக்குறைய மொத்தமாக ஆமாம், மற்றது ஏறக்குறைய மொத்தமாக இல்லை. வாட்ஸ்அப்பில் இத்தனை நாள் கோர்ட், பூங்கா என்று அடித்துக்கொண்டதற்கு அடியில் யார் உள்ளே வரலாம் என்ற கேள்விதான் இருந்திருக்கிறது. அதை வாய்விட்டுச் சொல்ல இரண்டு தரப்புக்கும் கூச்சம், அவ்வளவுதான்.

இரண்டு குழுக்களும் சேர்ந்து ஏற்றவற்றில் முதலிடத்தில் நின்றது தண்ணீர். நிலத்தின் தாழ்ந்த மூலையில் தெருத் தண்ணீரை இறக்கும் குட்டை, சிமென்ட் தளம் போடாமல் மண்ணை விட்டு வைப்பது, பிறகு விளக்கு. இஸ்திரிக்காரரின் குழாயும் இரு பக்கமும் தேறிவிட்டது. கழிப்பறையில் நடந்ததைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். 'பொதுக் கழிப்பறை வேண்டும்' என்ற விதைக் கருத்தைப் பூட்டுக் குழு மறுத்துவிட்டது. சில நாள் கழித்து யாரோ ஒருவர் எழுதினார்: 'கழிப்பறை கட்டினால் அதைப் பராமரிக்க ஆளையும் சேர்த்தே ஒதுக்க வேண்டும்.' இரண்டு குழுக்களும் ஏற்றன. பூட்டுக் குழுவினர் பயந்தது நாற்றத்துக்கு. பதில் எழுத இடம் இருந்திருந்தால் முதல் கருத்தின் கீழே ஐம்பது பதில்கள் விழுந்து அங்கேயே செத்திருக்கும். இடம் இல்லாததால் யாரோ உட்கார்ந்து வாக்கியத்தை மாற்றி யோசித்திருக்கிறார்.

அறிக்கையை அப்படியே பகுதி சபைக்குக் கொண்டு போகவில்லை. புள்ளிப் படத்தை நீட்டினால் யாரும் வாங்கிக்கொள்ள மாட்டார்கள் என்று சங்கத்தில் அனுபவப்பட்டவர்கள் சொன்னார்கள், அது உண்மை. இரு தரப்பும் ஏற்றதை மட்டும் எடுத்து, சர்வே எண்ணோடு ஒரு பக்க மனுவாக எழுதி, கையெழுத்து வாங்கினோம். தாளில் ஓட்டுப் போட்டவர்களில் பலர் கையெழுத்துப் போட வந்தார்கள். பூட்டு விவகாரத்தை ஒளிக்கவில்லை. 'இதில் எங்களுக்குள் ஒப்புதல் இல்லை' என்று மனுவிலேயே ஒரு வரி எழுதினோம். கூட்டத்தில் முதல் கேள்வி 'எத்தனை பேர் கையெழுத்து?' என்பதுதான். கணிதம் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. குட்டைக்கு மட்டம் எடுத்துப் பார்க்கிறோம் என்று பொறியாளர் சொன்னார். குழாயும் விளக்கும் தீர்மானப் பதிவேட்டில் ஏறின. கழிப்பறைக்கு, ஆள் ஒதுக்குவது எங்கள் கையில் இல்லை என்ற பதில் வந்தது. அதற்குத் தனியாக மனு போட்டிருக்கிறோம்.

இதைச் செய்து பார்க்க நினைக்கிறவர்களுக்கு என் கணக்கில் செலவு இப்படி: சர்வர் வாடகை ஒரு குடும்பத்தின் மாத பால் செலவுக்குள் அடங்கும், அச்சுச் செலவு அதை விடக் குறைவு. ஆள் செலவுதான் பெரிது. தாளோடு வீடு வீடாகப் போகிற நாலு இளைஞர்கள் கிடைக்கவில்லை என்றால் மென்பொருளை நிறுவ வேண்டாம் என்றே சொல்வேன், வாட்ஸ்அப் குழுவின் கருத்து என்ன என்று அழகான படமாகத் தெரியும், வேறொன்றும் தெரியாது.

இப்போது கேட் பற்றி மட்டும் தனியாக ஒரு கலந்தாய்வு திறந்திருக்கிறோம். விதைக் கருத்துகள் எல்லாம் நேரத்தைப் பற்றியவை: காலை எத்தனை மணிக்குத் திறப்பது, இரவு எத்தனை மணிக்குப் பூட்டுவது, சாவி யாரிடம் இருப்பது. சாவி இஸ்திரி வண்டியில் இருக்கட்டும் என்று ஒரு கருத்து நேற்று வந்திருக்கிறது. இன்று காலை அதை அனுமதித்தேன்.